உள்ளே ஆள் இல்லை

தெரியக் கூடாது என்றாளா, தெரியாது என்றாளா. இரண்டும் ஒன்றல்ல. 'அவருக்குத் தெரியாது' என்றால் சும்மா ஒரு தகவல், எனக்கு நீச்சல் தெரியாது என்பதைப் போல. 'அவருக்குத் தெரியக் கூடாது' என்றால் அதற்குள் ஒரு திட்டம் இருக்கிறது. சனிக்கிழமை மதியம் மூன்றேகால் மணி. என் மனைவி ரெஜினா உள்ளறையில் கதவை ஒருக்களித்துச் சாத்திக்கொண்டு கம்ப்யூட்டரில் சென்னைக்காரர்களோடு பேசிக்கொண்டிருக்கிறாள். நான் கூடத்தில் பழைய பேப்பரை விரித்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருக்கிறேன். வழக்கமாக ஹெட்போன் மாட்டிக்கொள்வாள். அதன் வயர் நேற்று அறுந்துவிட்டதால் இன்று எல்லாம் ஸ்பீக்கரில். எழுந்து, கீரையைப் பேப்பரோடு தூக்கிக்கொண்டு, நாற்காலியைச் சுவரோரம் மாற்றிப் போட்டு, வலது காது கதவுப் பக்கம் வரும்படி உட்கார்ந்தேன். வெளிச்சம் போதவில்லை, அதனால் மாறி உட்கார்ந்தேன் என்று யாராவது கேட்டால் சொல்லலாம். வீட்டில் இருப்பது நாங்கள் இருவர்தான், யார் கேட்கப் போகிறார்கள். ஆனாலும் எதற்கும் ஒரு காரணத்தைத் தயாராக வைத்துக்கொள்வது ஒன்றரை வருஷத்தில் பழகிவிட்டது.

எனக்கு இடது காது கேட்காது. போன வருஷம் ஏப்ரலில் ஒரு காலை எழுந்தபோது எங்கோ குழாயைத் திறந்துவிட்ட மாதிரி இரைச்சல். போய்ப் பார்த்தேன், குழாய் மூடித்தான் இருந்தது. தண்ணீர் புகுந்திருக்கும், சளியாக இருக்கும், தானாகப் போய்விடும் என்று பத்து நாள் இருந்துவிட்டு, வீட்டில் சொல்லாமல் தில்லைநகரில் ஒரு காது டாக்டரிடம் போனேன். அவர் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்துப் பார்த்துவிட்டு, "ரெண்டு மூணு நாள்லயே வந்திருக்கணும் சார்" என்றார். அவ்வளவுதான். நரம்பு போய்விட்டதாம், திரும்பி வருவது சந்தேகமாம். அந்தச் சீட்டைப் பஸ் ஸ்டாண்டிலேயே கிழித்துப் போட்டேன். ஒரு காது போனால் பாதி கேட்கும் என்று எல்லோரும் நினைப்பார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். பாதி இல்லை. திசை போய்விடுகிறது. குக்கர் விசிலடித்தால் அது அடுப்படியிலா, பக்கத்து வீட்டிலா, தெருவிலா தெரியாது. என் செல்போன் அடிக்கும்போது வீடு முழுக்கத் தேடுவேன், அது என் சட்டைப் பையிலேயே இருக்கும். கோயில் மணி தினமும் வேறொரு ஊரிலிருந்து வருகிறது. நான் கோர்ட்டில் டைப்பிஸ்ட். சாட்சி சொல்வதைக் காதால் வாங்கி விரலால் அடிப்பதுதான் என் பிழைப்பு, இருபத்தி மூன்று வருஷமாக. காது போன டைப்பிஸ்டை என்ன செய்வார்கள்? வெளியே அனுப்ப மாட்டார்கள் என்று நினைக்கிறேன். பழைய வழக்குக் கட்டுகள் அடுக்குகிற அறையில் போடுவார்கள். அங்கே பேச ஆளே கிடையாது, காது இருந்தால் என்ன இல்லாவிட்டால் என்ன.

ஆகவே யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொண்டேன், திறமையாகவே என்று சொல்ல வேண்டும். கோர்ட்டில் ஜன்னல் வெயில் கண்ணில் அடிக்கிறது என்று சொல்லி மேசையைத் திருப்பிப் போட்டு, சாட்சிக் கூண்டு என் வலப்பக்கம் வரும்படி செய்துகொண்டேன். சர்ச்சில் பூசையின்போது பெஞ்சின் இடது ஓரம். கல்யாண வீட்டில் சாப்பிட உட்காரும்போது வரிசையின் இடது கோடி இலை. இடப்பக்கமிருந்து யாராவது பேசினால் தாகம் எடுத்தவன்போல் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு, திரும்பும்போது அவருக்கு மறுபக்கம் வந்து நின்றுகொள்வேன். நானே கண்டுபிடித்த உபாயம் அது, அதில் எனக்கு ஒரு கர்வம்கூட உண்டு. போன மாதம்தான் முதல் அடி விழுந்தது. ஒரு வண்டி மோதிய வழக்கு, அந்தத் தெருவில் பூக் கட்டுகிற பெண்மணி சாட்சி. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஏதோ சொன்னார். 'வண்டி வந்தத நான் பாக்கயில' என்று, பார்த்தபோது என்ற பொருளில், என் காதில் விழுந்தது, அப்படியே அடித்தேன். கடைசியில் வாசித்துக் காட்டும்போது அந்த அம்மாள் கூண்டிலேயே பதறிப்போய், "நான் பாக்கலன்னுல்ல சாமி சொன்னேன், பாக்கவே இல்ல!" என்றார். நீதிபதி மேடம் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். திருத்திவிட்டோம். ஆனால் அந்த அம்மாள் வாய் திறக்காமல் இருந்திருந்தால்? பார்க்காத ஒருத்தி பார்த்தவளாகி, அதை வைத்து ஒருவன் உள்ளே போயிருந்தால்? இதை நினைக்கும்போதெல்லாம் கீரைக்காம்பை இலையோடும் இலையைக் காம்போடும் போட்டுவிடுகிறேன். இதோ, மறுபடியும்.

"உள்ள ஆள் இல்லக்கா" என்று முன்பெல்லாம் அந்தப் பெண் சொல்லிக்கொண்டே இருப்பாள். மதுவந்தி, ரெஜினாவின் டைரக்டர், இருபத்தெட்டு வயது. நான் நேரில் பார்த்ததில்லை. ரெஜினா பதினேழு வருஷமாக அனிமேஷன் படம் வரைகிறாள், முயல், யானைக்குட்டி, வானத்தில் பறக்கிற சின்னப் பையன் என்று. இந்தப் பிப்ரவரியில்தான் பெரியவர்களுக்கான படம் ஒன்றின் வேலை வந்தது. அதில் பேசுகிற பூனை கிடையாது, மந்திரம் கிடையாது. கேசவன் என்று ஐம்பத்திரண்டு வயது மனிதர், பஸ் டெப்போவில் டைம் கீப்பர், மனைவி இறந்தவர், மகள் வீட்டில் ஒரு வாரம் தங்க வருகிறார், திரும்பிப் போகிறார். அவ்வளவுதான் கதை. ராத்திரிச் சாப்பாட்டின்போது என்னிடம் புலம்புவாள். "நடக்க வெச்சாச்சு, உக்கார வெச்சாச்சு, தொந்தி குலுங்குது, வேட்டிய மடிச்சுக் கட்டுறாரு. அந்தப் பொண்ணு பாத்துட்டு, எல்லாம் சரியா இருக்குக்கா, ஆனா உள்ள ஆள் இல்லைங்குறா." முயலுக்கு உயிர் கொடுப்பது சுலபமாம், காதைக் கொஞ்சம் ஆட்டினால் போதுமாம். சாதாரண ஆளுக்குத்தான் கஷ்டமாம், ஏனென்றால் பார்க்கிறவர்கள் தினமும் அப்படிப்பட்ட நூறு பேரைப் பார்க்காமலே கடந்து போகிறார்கள். ஒரு மீசை வைத்துப் பார்த்தாள், லேசாக நொண்ட வைத்துப் பார்த்தாள். என்னையும் உட்காரச் சொல்லி, சட்டையைக் கழற்றி மாட்டச் சொல்லிப் போனில் எடுத்தாள். அதெல்லாம் கேட்டு எடுத்தது. அதில் எனக்கு வருத்தமில்லை.

கேட்காமல் எடுத்ததுதான் விஷயம். நேற்றுக் காலை கேஸ் சிலிண்டர் எப்போது வரும் என்று பார்க்க அவள் போனை எடுத்தேன். எதையோ தொட்டேன், எதுவோ திறந்தது. ஒரு மனிதனின் முதுகு. பின்மண்டையில் ஒரு ரூபாய் அளவுக்கு வழுக்கை. கொடியில் ஈரத் துணி போட்டுக்கொண்டிருந்தான். அது நான்தான் என்று தெரிய இரண்டு நொடி ஆயிற்று, என் முதுகை நான் பார்த்ததே இல்லையே. ரெஜினாவின் குரல், "என்னங்க." அவன் திரும்பவில்லை. "என்னங்க." துணியை உதறினான். மூன்றாவது தடவை கொஞ்சம் உரக்க, "என்னங்க!" அவன் கிளிப்பை எடுத்து மாட்டினான். அதோடு முடிந்துவிட்டது. இப்படிப் பதினொன்று இருந்தன. எல்லாவற்றிலும் என் முதுகு, என் இடப்பக்கம், அவள் குரல். என் மனைவி என்னைப் பின்னாலிருந்து கூப்பிட்டுப் பார்த்திருக்கிறாள், பொறி வைத்து எலிக்குக் காத்திருப்பதைப் போல. படத்துக்காக இருக்கும் என்றுதான் மனசு முதலில் ஓடியது. தேதியைப் பார்த்தேன். முதலாவது போன வருஷம் ஆகஸ்ட். கேசவன் பிறப்பதற்கு ஆறு மாதம் முன்னால். அப்படியென்றால் படம் இல்லை. அப்படியென்றால் என்ன?

சிரில். அவள் அண்ணன், நான் வேலை பார்க்கிற அதே கோர்ட்டில் வக்கீல். போன ஞாயிற்றுக்கிழமை வந்து அடுப்படியில் அவளோடு தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார். நான் டம்ளர் எடுக்கப் போனதும் பேச்சு நின்றது. "வாங்க மாப்ள" என்றார், என் வீட்டு அடுப்படிக்கு என்னையே. அவரிடம் காட்டியிருப்பாளா? பதினொரு வீடியோ, தேதியோடு. வக்கீலுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும். ஆனால் எதற்கு? விவாகரத்து எங்களில் சுலபமில்லை. கோர்ட்டில் சொல்லி என்னை மாற்றுவதற்கா? அவள் நல்லவள். நல்லவர்கள்தான் இந்த மாதிரிக் காரியங்களை நம் நன்மைக்கென்று செய்வார்கள். இல்லை, இன்னொன்று. சென்னையில் அந்தப் பெண்ணுக்கு அனுப்பி இருவரும் சிரித்திருக்கலாம். 'பாரேன், கூப்பிடக் கூப்பிட நிக்கிறாரு.' இதை நினைத்ததும் கழுத்தெல்லாம் சூடாகிறது. உள்ளே இப்போது சிரிக்கிறார்கள். உண்மையாகவே சிரிக்கிறார்கள், இரண்டு குரல். '…தண்ணி குடிக்கிற இடம்…' என்று வருகிறது. பிறகு விசிறிச் சத்தம். '…எப்படிக்கா…' பிறகு ரெஜினா, '…அவருக்குத் தெரிய…' கூடாதா, தெரியாதா, என்ன அது? தண்ணீர் குடிக்கிற இடம். எந்த இடம்? தண்ணீர் குடிப்பது என்னுடையது. மடியிலிருந்த கீரை கீழே சிதறியதைப் பார்த்துக்கொண்டே எழுந்து போய்க் கதவைத் தள்ளினேன்.

அவள் முதுகு. இப்போது நான் பின்னால், அவள் முன்னால். கதவு கிறீச்சிட்டிருக்க வேண்டும், எனக்குக் கேட்கவில்லை, படத்தில் மூழ்கியிருந்த அவளுக்கும் கேட்கவில்லை. திரையின் மூலையில் சின்னக் கட்டத்தில் கண்ணாடி போட்ட ஒரு பெண், நடுவில் பென்சில் கோடுகளால் ஆன கேசவன். என் முகம் இல்லை. முழு வழுக்கை, தடித்த மூக்கு, தொந்தி. மகள் வீட்டு அடுப்படியில் நிற்கிறார். மகள் அவருக்கு இடப்பக்கம் காய் நறுக்கிக்கொண்டே ஏதோ கேட்கிறாள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். மகள் நிமிர்கிறாள். உதடு அசைந்தது கண்ணோரத்தில் பட்டிருக்க வேண்டும், அவர் எடுக்காத தாகம் எடுத்தவராகப் பானைப் பக்கம் போய், டம்ளரில் மொண்டு, பாதி குடித்து, மீதியைக் கையில் வைத்துக்கொண்டு மகளுக்கு அந்தப் பக்கமாக வந்து நிற்கிறார். "என்னம்மா சொன்ன?" என்பதுபோல் புருவத்தைத் தூக்குகிறார். என் சட்டையை உரித்துக் கொடியில் போட்டிருந்தால்கூட இவ்வளவு கூசியிருக்காது. பிறகு இன்னொரு காட்சி, மறுநாள், அதே அடுப்படி. கேசவன் நிற்கிறார். மகள் உள்ளே வருகிறாள், இடப்பக்கம் நிற்கப் போனவள் ஒரு கணம் நிதானித்து, காய் நறுக்குகிற பலகையைத் தூக்கிக்கொண்டு சுற்றிப் போய் அவருக்கு வலப்பக்கம் வைத்து நறுக்க ஆரம்பிக்கிறாள். அவர் அதைக் கவனிக்கவில்லை.

கவனிக்கவில்லை. அவருக்குத் தெரியக் கூடாது என்றது இந்தக் கேசவனைத்தானா? நாங்கள் கடைத்தெருவுக்கு நடக்கும்போது ரெஜினா எந்தப் பக்கம் வருவாள்? வலப்பக்கம். எப்போதிலிருந்து? கட்டிலில் சுவரோரம் படுப்பவள், காற்று வரவில்லை என்று இடம் மாறிக்கொண்டாளே, அது எப்போது? நான்தான் சாமர்த்தியமாக எல்லாவற்றையும் நகர்த்துகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"இங்கதான்க்கா" என்றாள் அந்தப் பெண். "இங்க எனக்கு அழுகையே வந்துருச்சு. இப்பதான் உள்ள ஆள் வந்துருக்காரு. எதையோ மறைக்கிறாருன்னு தெரிஞ்ச பிறகு அவர விட்டுக் கண்ண எடுக்க முடியல. எப்படிக்கா புடிச்சீங்க இத?"

ரெஜினா பேனாவை மேசையில் உருட்டினாள். "சும்மா தோணுச்சும்மா" என்றாள்.

சும்மா தோன்றியது. அப்படியானால் சொல்லவில்லை. அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது. அல்லது நான் வந்து நிற்பது தெரிந்து அப்படிச் சொல்கிறாளோ? மனசு அதற்குள்ளும் போய் நோண்டுகிறது. அதற்குள் திரையில் அடுத்த காட்சி ஓட ஆரம்பித்துவிட்டது. இலை போட்டு ஏழெட்டுப் பேர், மாப்பிள்ளை ஏதோ வேடிக்கையாகச் சொல்கிறார், எல்லோரும் சிரிக்கிறார்கள், கேசவனும் கூடவே வாய்விட்டுச் சிரிக்கிறார்.

"அது தப்பு" என்றேன்.

ரெஜினா திரும்பினாள். அவள் முகத்தில் ரத்தம் இல்லை. ஒரு கை தானாகத் திரையை மறைக்கப் போய், பாதியில் நின்றது. சின்னக் கட்டத்திலிருந்த பெண் குனிந்து பார்த்து, "சாரா? வணக்கம் சார்" என்றாள். நான் வணக்கம் சொன்னேனா என்று தெரியவில்லை. இருபத்தி மூன்று வருஷம் மற்றவர்கள் சொன்னதைப் பிழையில்லாமல் பதிந்தவன், கண்முன்னால் ஒரு பிழை ஓடுகிறது, அது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.

"சிரிப்பு சீக்கிரம் வருது. எல்லாரோடயும் சேர்ந்து அவரால சிரிக்க முடியாது. அவருக்கு என்ன சொன்னாங்கன்னே தெரியாதுல்ல? முதல்ல மத்தவங்க மூஞ்சியப் பாப்பாரு. சிரிப்புதான், சண்டை இல்லன்னு தெரிஞ்சப்பறம் சிரிப்பாரு. கடைசியா ஆரம்பிக்கிறதால கடைசியா நிறுத்துவாரு. எல்லாரும் நிறுத்தின பிறகும் அவர் ஒருத்தர் சிரிச்சுக்கிட்டு இருப்பாரு. அந்த இடம்தான் ரொம்ப மோசமான இடம்."

அந்தப் பெண் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள். "உங்களுக்கு எப்படி சார் தெரியும்?"

ரெஜினா எழுந்துவிட்டாள். "மது, நான் அப்பறம் கூப்பிடுறேன்" என்று மவுஸை எடுத்தாள். நான் அவள் கையைப் பிடித்தேன். ஏன் பிடித்தேன்? அந்தப் பெண் என் கோர்ட்டில் இல்லை, என் பங்குக் கோயிலில் இல்லை, என் உறவிலும் இல்லை. ஏதோ ஒரு ஊரில் ஒரு கட்டத்துக்குள் இருக்கிறாள். அதனாலாக இருக்கலாம். அல்லது இவள் மறைக்கப் போனதாலா?

"எனக்கு இடது காது கேக்காதும்மா" என்றேன். "ஒன்றரை வருஷம் ஆச்சு. யார்கிட்டயும் சொல்லல. திங்கக்கிழமை கோர்ட்ல சொல்லணும்." கடைசி வாக்கியம் எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது. சொல்லி முடித்ததும் அந்தப் பூக்கார அம்மாளின் முகம் ஒரு கணம் வந்து போனது. மது தலையை அசைத்தாள். பிறகு, "இந்த சீன மாத்திடுறோம் சார்" என்றாள், மிக மெதுவாக, சில மாதங்களுக்கு முன்னாலிருந்தே என்னைத் தெரிந்தவள்போல.

திரை அணைந்தது. ரெஜினா மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் கட்டிலில் உட்கார்ந்தேன். கோபப்பட வேண்டும் என்று தோன்றியது, அதற்கு எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

"சிரில்கிட்ட சொன்னியா?"

"இல்ல."

நம்பலாமா? அவள் முகத்தைப் பார்த்தேன், முகங்களைப் பார்ப்பதில் நான் இப்போது கொஞ்சம் தேர்ந்தவன். இல்லை என்றுதான் பட்டது. ஆனாலும் இன்னொன்று இருக்கிறதே. "படத்துக்காகன்னு சொல்லாத. முதல் வீடியோ போன வருஷம் ஆகஸ்ட். அப்ப இந்தக் கேசவனும் இல்ல, அந்தப் பொண்ணும் இல்ல. எதுக்கு எடுத்த?"

அவள் எழுந்து வந்து என் வலப்பக்கம் உட்கார்ந்தாள். நேரடியாகப் பார்க்காமல், முழங்காலில் இருந்த சேலைச் சுருக்கத்தை நீவிக்கொண்டே பேசினாள்.

"எங்கம்மா அடக்கத்தன்னைக்கு, கல்லறைல, பெட்டிய இறக்கும்போது உங்க பக்கத்துல நின்னுட்டிருந்தேன். என்னால முடியல. தல சுத்துது, என்னைக் கூட்டிட்டுப் போயிடுங்கன்னு உங்க காதுல சொன்னேன். நீங்க தலையாட்டுனீங்க. ஆட்டிட்டு அங்கயே நின்னீங்க. நான் அங்க நின்னுதான் முழுசும் பாத்தேன், மண்ணு போட்டு மூடுற வரைக்கும்."

அந்தச் சுருக்கத்தை மறுபடி நீவினாள்.

"ரெண்டு மாசம் உங்ககூடப் பேசப் புடிக்கல. இப்படி ஒரு கல்லுகூடவா இத்தன வருஷம் இருந்தோம்னு நினைச்சேன். அண்ணன் வீட்டுக்கே போயிடலாமான்னுகூட. அப்பறம்தான் ஒரு சந்தேகம். கேட்டுட்டுத் திரும்பாம இருக்காரா, கேக்கவே இல்லையா? அதுக்குத்தான் பின்னால நின்னு கூப்பிட்டேன். ஒரு தடவை பாத்தா நம்ப முடியல. திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன்."

"தெரிஞ்சப்பறம் ஏன் சொல்லல?"

"நீங்க சொல்வீங்கன்னு இருந்தேன்."

ஆகஸ்டிலிருந்து பதினான்கு மாதம். நான் அவளைப் பார்த்தேன். கூடத்தில் விசிறி சுற்றுவதும், கீழே சிதறிய கீரை பேப்பரோடு படபடப்பதும் எங்கோ கேட்டது. அந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. போன வருஷம் ஜூன் மாத வெயில், ஃபாதர் வெள்ளை அங்கியில் வியர்த்துக்கொண்டு நின்றார், நான் ரெஜினாவைத் தாங்கிக்கொள்ள வேண்டும் என்று அவள் தோளை ஒட்டி நின்றேன். அப்போது என் இடது கழுத்தில் அவள் மூச்சு வெதுவெதுப்பாகப் பட்டது. சொல் எதுவும் வரவில்லை, மூச்சு மட்டும்தான். ஜெபம் சொல்கிறாள் என்று நினைத்தேன். அது எங்கே முடிகிறது என்று தெரியாததால், மூச்சு நின்றதும், தலையை அசைத்து ஆமென் என்றேன்.